ரசக் கரண்டியும் மயில் தலையும்

குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டீங்களே அக்கா, நல்லா இருப்பீங்க. ஈரோட்டில் பஸ் ஏறினதிலிருந்து ஒரு கையில் இவன், ஒரு கையில் இந்தப் பை, கம்பியைப் பிடிக்க இன்னொரு கைக்கு எங்கே போவது? இப்போது பார்த்தால் உங்கள் பக்கத்திலேயே எனக்கும் இடம் கிடைத்துவிட்டது. வேண்டாம், வேண்டாம், என்னிடம் தர வேண்டாம். உங்கள் முந்தானையை எப்படிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான் பாருங்க. கை மாற்றினால் முழித்துக்கொள்வான். அப்படியே இருக்கட்டும்.

பையில் என்ன என்றா கேட்டீங்க? கேட்கவில்லையா? சரி, பார்த்தீங்க இல்லையா, அது கேட்ட மாதிரிதான். நூல் அக்கா. எம்பிராய்டரி நூல். இந்த நீலம் மயில் கழுத்துக்கு, இந்தப் பச்சை தோகைக்கு. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் இருக்கிறது. ரவிக்கை முதுகில் மயில், கையில் மாங்காய், எது கேட்டாலும் போடும். போன ஐப்பசியில் அந்த மிஷின் எங்கள் குடும்பத்தைப் படுத்தின பாடு இருக்கிறதே. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் வளர்த்திப் பேசுகிற ஆள் கிடையாது.

என் பேர் கோகிலவாணி. கல்யாணமாகிப் பெங்களூர் போனவள். எங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே கம்பெனி வேலை. பேர் பூபதி. கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்க. ஒன்பதாவது மாடியில் வீடு. காலையில் அவர் போனால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியது. எதிர் வீடும் சாத்தியிருக்கும், பக்கத்து வீடும் சாத்தியிருக்கும். பேச ஒரு ஜீவன் இல்லை அக்கா. லிஃப்ட்டுக்குள்ளே ஒரு பொம்பளைக் குரல் வரும், கதவு மூடுகிறது, மேலே போகிறது என்று இங்கிலீஷில் சொல்லும். சிரிக்காதீங்க, நான் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். 'சரிங்க, மூடுங்க' என்பேன். ஒருநாள் காரணமே இல்லாமல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தேன். கீழே இருந்த செக்யூரிட்டி பார்த்துவிட்டு இவருக்குப் போன் போட்டார். அதற்கப்புறம்தான் பிரசவத்துக்கு ஊருக்கு வந்தது. வந்தவள் போகமாட்டேன் என்றுவிட்டேன். இவரும் கம்பெனியில் ஒரு வருஷம் லீவு கேட்டுக்கொண்டு வந்தார். மூடிப் போன ஒரு துணி ஃபேக்டரியிலிருந்து இந்தப் பழைய மிஷினை வாங்கி மாமியார் வீட்டு வாசல் ரூமில் வைத்தார். ஓடினால் இங்கேயே இருப்பது, ஓடாவிட்டால் திரும்பப் பெங்களூர். அதுதான் பேச்சு. அதனால் மிஷின் நின்றால் எனக்கு நெஞ்சே நின்றுவிடும். லிஃப்ட் ஞாபகம் வந்துவிடும்.

என்ன அக்கா, வெளியே எட்டி எட்டிப் பார்க்கிறீங்க? வெயில் முகத்தில் அடிக்கிறதா? இருங்க, ஷட்டரை இறக்கிவிடுகிறேன். குழந்தைக்கும் நல்லது. ம், இறங்கிவிட்டது. இனி மேலே ஏற்றத்தான் முடியாது, துருப்பிடித்துக் கிடக்கிறது. இப்போது நிம்மதியாகக் கேட்கலாம்.

எங்கள் வீட்டுக்காரர் பேசமாட்டார். ஊமை இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை இருக்கிறது, 'இரு'. உள்ளங்கையை இப்படி நிமிர்த்தி 'இரு' என்பார். காபி கொண்டுபோனால் 'இரு'. அவங்க அம்மா செய்த வம்பைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் 'இரு'. எதற்கு இருக்கச் சொன்னார் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார். நானும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? வந்த விஷயத்தை நான் பாட்டுக்குச் சொல்லி முடித்துவிடுவேன். இந்தப் பயல் இருக்கிறானே, நிகிலன், ஊரில் எல்லாக் குழந்தையும் முதலில் அம்மா என்று சொல்லும், இவன் சொன்ன முதல் வார்த்தை 'இயு'. நான் சோறு ஊட்டும்போது கையை நீட்டிச் சொன்னான். அப்பன் புத்தி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கே விட்டேன்? ஆங், மயில். எங்கள் நாத்தனார் பாமா, அவருடைய ஒரே தங்கை, அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்த பெண்டுகளெல்லாம் மிஷினைச் சுற்றி நின்று கண்ணை எடுக்கவில்லை. நான் சும்மா இருப்பேனா? "கல்யாணத்துக்கு உங்க வீட்டுப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் ரவிக்கையில மயில் எங்க சீருங்க. முகூர்த்தப் பட்டுக்கு ஜோடி மயிலு" என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். இவர் அந்தப் பக்கம் நின்று எனக்குக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தாராம். பின்னாலே பாமா சொன்னாள். வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்?

அந்த வாரமே ஒரு இடி. இடி விழுந்தது தென்னை மரத்தில், செத்தது மிஷினை ஓட்டுகிற எங்கள் கம்ப்யூட்டர். போனால் போகிறது என்று புதுசு வாங்கினார். புதுசுக்குப் பழைய லினக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லையாம், அதற்கு லினக்ஸும் புதுசாகப் போட்டார். லினக்ஸ் தெரியுமா உங்களுக்கு? எனக்கும் தெரியாது, ஆனால் அவரிடம் பிடுங்கிப் பிடுங்கித் தெரிந்துகொண்டேன், கம்ப்யூட்டரையே ஓட்டுகிற புரோகிராம் அது. அதற்குள்ளே கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. அது எங்கள் மாமியார் மாதிரி. அந்த வீட்டில் அதைக் கேட்காமல் ஒரு சொம்பு கூட நகராது. ஆனால் மாமியாரே போய் எல்லாரிடமும் பேசிக்கொண்டிருப்பாரா? ஒவ்வொரு சாமானோடும் பேசுவதற்கு ஒரு ஆளை வைத்திருக்கும். பிரின்டருக்கு ஒரு ஆள், மவுஸுக்கு ஒரு ஆள். அந்த ஆளுக்குப் பேர்தான் டிரைவர். எங்கள் மிஷின் பழசில்லையா, இப்போது வருகிற வயர் எதுவும் அதற்குச் சேராது. ஒன்பது ஊசி வைத்த ஒரு பழைய சாக்கெட் இருக்கும், சீரியல் போர்ட் என்று பேர். ஒற்றையடிப் பாதை மாதிரி, ஒன்றின் பின்னால் ஒன்றாகத்தான் சமாசாரம் போகும். ஊசியை இங்கே குத்து, அங்கே குத்து என்று மயில் முழுக்க அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

புதுக் கம்ப்யூட்டரை மாட்டி முதலில் ஒரு பூப் போட்டார். அச்சு அசலாக வந்தது. ஒரு மாங்காய் போட்டார், வந்தது. மயிலைப் போட்டார். நான்தான் பக்கத்தில் நின்றேன். தோகை வந்தது, வயிறு வந்தது, கால் வந்தது, கழுத்து பாதி வந்தது, மிஷின் நின்றுவிட்டது. "ஏனுங்க, மயிலுக்குத் தலையைக் காணோமே" என்றேன். முதலில் பார்த்துச் சொன்னது நான்தான், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வருகிறது. அவர் பார்த்தார். 'இரு' என்றார்.

மறுபடி போட்டார். இந்தத் தடவை தலை வந்தது, ஆனால் வால் பக்கம் வந்தது. இன்னொரு தடவை மூக்கு மட்டும் தனியாக ஒரு ஓரத்தில் போய் நின்றது, யாரோ கடித்துத் துப்பின மாதிரி. ஒரு தடவை தலை ஏதோ வந்தது, ஆனால் அது மயில் இல்லை அக்கா, சளி பிடித்த கோழி. எங்கள் மாமியார் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கல்யாணப் பொண்ணு முதுகுல தலையில்லாத மயிலா? இதைப் பார்த்தா மாப்பிள்ளை ஊட்டுல என்ன சொல்லுவாங்க?"

அவர் வயரை மாற்றினார். வேறு வயரை மாற்றினார். மிஷினைக் கழற்றி எண்ணெய் விட்டார். மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார், மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக. நெடியில் எல்லாரும் இருமினதுதான் மிச்சம். பூ நன்றாக வருகிறது, மாங்காய் நன்றாக வருகிறது, மயில் மட்டும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு தினுசாகச் சாகிறது. அவர் மிஷின் முன்னால் உட்கார்ந்தே இருந்தார். நான் பாவம் மனுஷனுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமே என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன். அவர் மனசு விட்டுப்போகக் கூடாதில்லையா? அப்படி இருந்தும் ஒருநாள் சொல்லிவிட்டார். "நிச்சயத்துக்குள்ள இது சரியாகலைன்னா கம்பெனிக்குப் பதில் எழுதிடறேன். தை மாசம் பெங்களூரு." அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அதுவா கேட்கவேண்டும்? நான் உள்ளே போய்க் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நான் யாரிடமும் பேசவில்லை. மாமியார் வந்து நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

தண்ணி வேண்டுமா அக்கா? வாயைத் திறந்தீங்களே. இந்தாங்க. குடிங்க, குடிங்க, பஸ் குலுங்குகிறது, பேசாதீங்க, புரையேறிவிடும்.

நிச்சயம் வந்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பந்தி போட்டு, சாப்பிட்டு எழுந்ததும் தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு. பெண்ணுக்கு அண்ணன் ஆயிற்றே, அதனால் இவரும் அவர்களோடு பந்தியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா ஒருவர், நாச்சிமுத்து என்று. அந்தக் குடும்பத்தில் அவர் தலையை ஆட்டினால்தான் எதுவும் நடக்கும். அவருக்கு நேர் எதிர் இலையில் இவர். பரிமாறுகிறது நாங்கள். ரசம் என் கையில்.

கொதிக்கக் கொதிக்கக் கொள்ளு ரசம். பெரியப்பாவுக்கு ஊற்றுகிறேன். அடுத்த இலையில் மாப்பிள்ளையின் அத்தை, அந்தம்மா குழந்தைக்குச் சளியா என்று கேட்டுவிட்டார். கேட்டால் சொல்லவேண்டாமா? ஓமம் வறுத்துத் துணியில் கட்டி முகரவைக்கிற பக்குவம் சொல்லிக்கொண்டே இந்தப் பக்கம் ஊற்றினேன். பெரியப்பா போதும் என்று இலைக்குமேல் கையை விரித்துவிட்டார். "போதும் அம்மணி, போதும்" என்று சொன்னதும் காதில் விழுந்தது. விழாமல் இல்லை. ஆனால் கரண்டியில் எடுத்ததைத் திரும்பக் குண்டாவில் ஊற்றமுடியுமா? எச்சில் இலைப் பக்கம் வந்த கரண்டி. எடுத்ததை ஊற்றிவிட்டு நிறுத்தலாம் என்று ஊற்றினேன். அவ்வளவும் அவர் கைமேல்.

அவர் கையை உதறினார். ரசம் அத்தை புடவையில் தெறித்தது. நான் ஐயோ என்கிறதற்குள் எதிர் இலையிலிருந்து ஒரு சத்தம். எங்கள் வீட்டுக்காரர். ரசச் சோற்றைக் கையில் அள்ளினவர் அப்படியே என் கரண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "கரண்டி" என்றார். நான் கரண்டியைப் பார்த்தேன். கரண்டிக்கு ஒன்றும் இல்லை. "கரண்டி காலியாகற வரைக்கும் பார்க்கவே இல்லை" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிடுகிற இலையை விட்டு எழுந்து, எச்சில் கையோடு, மிஷின் ரூமுக்கு ஓடிவிட்டார்.

நீங்களே சொல்லுங்க அக்கா. பெண்ணோட கூடப்பிறந்தவன், சம்பந்தி வீட்டார் பந்தியில் இருக்கும்போது பாதியில் எழுந்து போனால் அதற்கு என்ன அர்த்தம்? பந்தியே கையைக் கட்டிக்கொண்டது. ஒருத்தர் கூட அடுத்த வாய் எடுக்கவில்லை. பெரியப்பா கையில் ஊதிக்கொண்டே சொன்னார், "பொண்ணோட அண்ணனுக்குச் சம்மதம் இல்லாட்டி முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்க. சுடுரசத்தை ஊத்திச் சொல்லவேண்டியதில்லை." உள்ளே பாமா பட்டுப்புடவையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓடினேன். அவர் ரசக் கையோடேயே தட்டிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கும் அந்தக் கீபோர்டு பெருங்காய வாசம் அடிக்கும். "ஏனுங்க, அங்க கல்யாணமே நின்னுரும் போல இருக்குது, வாங்க" என்றேன். கையைக் காட்டினார். 'இரு'. நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். மாமியார் வந்து கதவைத் தட்டினார். கதவு கொஞ்சம் திறந்தது, ஒரு உள்ளங்கை மட்டும் வெளியே வந்தது, மறுபடி சாத்திக்கொண்டது.

இனி நான்தான் என்று முடிவு பண்ணினேன். நேராகப் பெரியப்பாவிடம் போனேன். கைக்கு வெண்ணெய் தடவிவிட்டேன். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "பெரியப்பா, அவருக்குச் சம்மதம் இல்லாம இல்லீங்க, நடந்தது என்னன்னா" என்று ஆரம்பித்தேன். பெங்களூர் லிஃப்ட்டிலிருந்து ஆரம்பித்தால்தானே அவருக்குப் புரியும்? லிஃப்ட், பிரசவம், மிஷின், இடி, தென்னை மரம், கெர்னல், எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையான மனுஷர். முதலில் கொஞ்ச நேரம் கோபமாகத்தான் இருந்தார். நான் ஃபேக்டரி மூடின கதைக்கு வரும்போது கோபமெல்லாம் போய்விட்டது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வயர் மாற்றினதைச் சொல்லும்போது அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மணி, எனக்கு எல்லாம் சம்மதம். தட்டை இப்பவே மாத்திக்கலாம். நீ உள்ள போய் வேலையைப் பாரு சாமி" என்றார். "இல்லீங்க பெரியப்பா, மயில் இன்னும் வரலீங்க, அதையும் கேட்டுட்டீங்கன்னா" என்றேன். "எல்லாம் புரிஞ்சுபோச்சு" என்றார். நாம் எடுத்துச் சொல்கிற விதத்தில் சொன்னால் யாரும் கேட்பார்கள் அக்கா.

காலா? மரத்துப் போய்விட்டதா? எழுந்திருக்கப் பார்க்கிறீங்களே. எழுந்தால் இவன் முழித்துக்கொள்வான். முன்னால் நீட்டிக்கோங்க, இப்படி, பையை நான் நகர்த்திக்கொள்கிறேன். இந்தக் கண்டக்டரைப் பாருங்க, ஏதோ பிரிவு, ஏதோ பிரிவு என்று கத்துகிறார். இரண்டு பேர் பேசுகிற இடத்தில் இப்படியா கத்துவது?

அந்த நேரம் பார்த்து உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம். டக டக டக டக என்று நிற்காமல் ஓடுகிறது. நான் பேச்சை நிறுத்தவில்லை, ஆனால் காது அங்கேதான் இருந்தது. கழுத்து வருகிற நேரம் எனக்குத் தெரியும், அங்கேதான் எப்போதும் கெட்டுப்போகும். அங்கே ஒரு நிமிஷம் சத்தம் நின்றது. எனக்குக் கண்ணில் ஒன்பதாவது மாடி தெரிந்தது. மறுபடி டக டக என்று ஆரம்பித்தது. நின்றது, ஆரம்பித்தது. நின்றது, ஆரம்பித்தது. முன்னெல்லாம் அப்படி நின்று நின்று ஓடாது அக்கா, ஒரே மூச்சாக ஓடிக் கெடுக்கும்.

அவர் வெளியே வந்தார். கையில் தையல் வளையத்தோடு துணி. நேராகப் பெரியப்பா முன்னால் வந்து நீட்டினார். "தலை இருக்குது" என்றார். ஆமாம் அக்கா, தலை, அதன்மேல் கொண்டை, மூக்கு, கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு, எல்லாம் அது அது இருக்கவேண்டிய இடத்தில்.

பெரியப்பா மயிலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "இதுக்குத்தான் எந்திரிச்சுப் போனீங்களா தம்பி?"

அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால் பேசினார். "மிஷினுக்கு வயிறு சின்னதுங்க. மயில் பெருசு. கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊட்டணும். வயிறு ரொம்பினா மிஷின் 'இரு'ன்னு ஒரு எழுத்து அனுப்பும். காலியானதும் 'சரி, அனுப்பு'ன்னு ஒரு எழுத்து. பழைய டிரைவரு ஒவ்வொரு வாய்க்கும் நிமிந்து பார்க்கும். புதுசுல வேகமா போகட்டும்னு யாரோ மாத்தியிருக்காங்க. கையில எடுத்ததை முழுக்கக் கொட்டி முடிச்சுட்டுத்தான் எதிராளி என்ன சொன்னான்னே பார்க்குது. அதுக்குள்ள பாதி சிந்திருது. பூவுக்கும் மாங்காய்க்கும் வயிறு ரொம்பாது, அதனால தெரியலை. நான் மிஷினையே பார்த்துட்டு இருந்தேன், ஊத்தற கையைப் பார்க்கலை. இவ உங்க கைமேல ரசம் ஊத்தினப்பத்தான் புரிஞ்சுது. டிரைவருல சில வரிதான், மாத்திட்டேன்."

பெரியப்பா வெண்ணெய் தடவின கையைப் பார்த்துக்கொண்டார். "அப்ப நம்ம கை வெந்தது வீண் போகலே" என்றார். முதலில் அவர்தான் சிரித்தார். அப்புறம் எல்லாரும். எங்கள் மாமியார் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தட்டு மாற்றியாயிற்று. மறுபடி இலை போட்டு அவரும் பெரியப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து ரசத்திலிருந்து ஆரம்பித்துச் சாப்பிட்டார்கள். பாமா பரிமாறினாள்.

கார்த்திகையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்டுகள் அத்தனை பேர் முதுகிலும் எங்கள் மயில். மேடையைப் பார்த்தால் மயில் கூட்டம் இறங்கின மாதிரி இருந்தது. பெரியப்பாவுக்கு என்மேல் எவ்வளவு மரியாதை தெரியுமா? கல்யாணப் பந்தியில் நான் கரண்டியை எடுத்ததும் ஓடி வந்து அவர் கையாலேயே வாங்கிக்கொண்டார். "நீ உட்காரு அம்மணி, நீ பரிமாறக் கூடாது" என்று முதல் இலையில் உட்காரவைத்தார். அந்த வீட்டு மருமகள்களுக்கே அப்படி நடந்ததில்லை.

இவர் கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டார். அதோடு விட்டாரா? இந்தப் பிழை உலகம் முழுக்க இருக்கும், நம் வீட்டில் மட்டும் சரி பண்ணினால் போதாது என்று, அந்த டிரைவரைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு எழுதினார். எங்கேயோ பனி கொட்டுகிற தேசத்தில் இருக்கிறாராம். அந்த ஆள் ஒன்று கேட்பார், இவர் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவார். எழுதினது சரியில்லை, பிரித்து எழுது என்பார், இவர் மறுபடி பக்கம் பக்கமாக எழுதுவார். எனக்கு வந்ததே கோபம். கட்டின பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை, முகம் தெரியாத ஆம்பளைக்கு அத்தனை வார்த்தை. கேட்டேன். "அந்தாளு நான் எழுதி முடிக்கற வரைக்கும் காத்திருக்காரு" என்றார். பெரிய காத்திருப்பு. எனக்கு வேலை இல்லையா?

ஆனால் ஒன்று அக்கா. அந்தத் திருத்தம் கெர்னலுக்குள் ஏறிவிட்டது. அதில் யார் எழுதினது, யார் பிழையைப் பார்த்துச் சொன்னது என்று பேர் போடுவார்களாம். அவர் என்னிடம் வந்து, "உன் பேரைப் போட்டிருக்கேன்" என்றார். நான் முதலில் பார்த்துச் சொன்னேனே, தலையைக் காணோம் என்று, அதற்கு. இந்த உலகத்தில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறதோ தெரியாது, அதற்கெல்லாம் மூலமான இடத்தில் கோகிலவாணி என்று இருக்கிறது. ஒன்பதாவது மாடியில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் இருந்தேன். கொஞ்சம் அழுதுவிட்டேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

பாமா வந்தபோது, இங்கிலீஷில் இருக்கிறதே, இதைப் படித்துச் சொல்லு என்றேன். படித்தாள். 'எதிரில் இருப்பவர் போதும் என்று சொன்ன பிறகும், அனுப்புபவர் கையில் இருப்பதை எல்லாம் கொட்டித் தீர்த்த பின்பே கவனிக்கிறார். இந்தப் பிழை எங்கள் வீட்டில் எப்போது வேண்டுமானாலும் நிகழும். பார்த்துச் சொன்னவர், கோகிலவாணி.' படித்துவிட்டுச் சிரித்தாள் பாருங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து சிரித்தாள். என்னடி என்றால் சொல்லவே இல்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? மிஷின் எங்கள் வீட்டில்தானே இருக்கிறது, பிழை எங்கள் வீட்டில்தானே நிகழும்?

அவ்வளவுதான் அக்கா விஷயம். இந்தப் பை நூலும் இன்னொரு கல்யாணத்துக்குத்தான். அடுத்த நிறுத்தம் எங்கள் ஊர். ஆமாம், கேட்கவே இல்லையே, நீங்கள் எங்கே இறங்கவேண்டும்?

என்ன? காட்டுவலசுப் பிரிவா?

அது போய் எவ்வளவு நேரம் ஆயிற்று அக்கா. ஷட்டர் போட்டதால் உங்களுக்குத் தெரியவில்லை போல. கண்டக்டர்கூடக் கத்தினாரே. அங்கே உங்கள் பெண் ஸ்கூட்டரோடு நிற்கிறாளா? அடடா. சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரு வார்த்தை, வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே விசிலடித்து நிறுத்தச் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டுக்காரர் மாதிரியே இருக்கீங்களே. மனசுக்குள் வைத்துக்கொண்டால் எதிரில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

ஒன்றும் கவலைப்படாதீங்க. என்னோடு இறங்குங்க. உங்கள் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம், அவர் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிடுவார். வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டார், தப்பாக நினைக்காதீங்க. அதற்கு முன்னால் வீட்டில் ஒரு வாய் காபி குடித்துவிட்டு மயிலைப் பார்க்கவேண்டும். பெங்களூரில் எதிர் வீட்டில் ஒரு மலையாளத்து அம்மா இருந்தார் என்று சொன்னேனா? சொல்லவில்லையே. அது தனிக் கதை, நடந்துகொண்டே சொல்கிறேன்.

அட, முழித்துக்கொண்டான். பாருங்க, கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறான். 'இயு.' கேட்டீங்களா? நீங்களும் எதற்கு அக்கா அவனோடு சேர்ந்து கையைக் காட்டுகிறீங்க?

இப்படித்தான். எல்லாரும் இரு, இரு என்கிறீங்க, எதற்கு என்று மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை.